ஆதிபாவின் வலது கை

மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்ற மீராசாஹிபின் மகள் ஆதிபா, ஒரே ஆளாக இரண்டு உத்தியோகம் பார்த்தாள். காலையில் மருத்துவ பீடத்தில் உடற்றொழிலியல் விரிவுரை. அது முடிந்ததும் விபத்துப் பிரிவில் எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை. "இதுக்கு ஆம்பிளைக் கை வேணும்" என்று சிரித்த பெரிய டொக்டர்மாருக்கு முன்னால்தான் உடைந்த தொடையெலும்புகளை இழுத்துப் பொருத்தினாள்.

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் விழுந்து கை முறிந்த ஒரு பெண்ணுக்கு எலும்பு அழகாகக் கூடியும், கை கோழிக்கால்போல மடங்கிப்போனது. எலும்பு முறிந்ததும் வீங்கும் தசை, தன் உறைக்குள்ளேயே நெரிபட்டு, இரத்தம் கிடைக்காமல் செத்துவிடுகிறது. அதைத்தான் வருடக்கணக்காக ஆராய்ந்து ஆதிபா பேராசிரியர் ஆனாள். ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வாள்: "எக்ஸ்ரேய நம்பாதீங்க. விரல நீட்டிப் பாருங்க. நோயாளி அலறினா, உடனே பிளாஸ்டர வெட்டுங்க."

இரத்தோட்டை வீதியில் ஒரு லொறி அவள் காரில் மோதியது. வலது முன்கை முறிந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில், அங்கிருந்த பெரிய டொக்டர் பிளாஸ்டர் போட்டுவிட்டுத் தனியார் கிளினிக்குக்குப் போய்விட்டார். கடமையில் இருந்த இளம் டொக்டர் லோஜன், அவளிடம் படித்தவன்.

பின்னேரமாக வலி ஏறியது.

"லோஜன், பிளாஸ்டர வெட்டுங்க. விரல நீட்ட ஏலாம இருக்கு."

"எக்ஸ்ரே வடிவா இருக்கு, மடம். ஊசி போட்டிருக்கு, நோவு குறையும்."

"நான் உங்களுக்கு என்ன படிச்சுக் குடுத்தேன்?"

அவன் கதவைப் பார்த்தான். "சேர் போட்ட பிளாஸ்டர். நான் கை வச்சா அவர் ஏசுவார்."

ஆதிபா பிளாஸ்டரின் ஓரத்தைப் பல்லால் கடித்தாள். "டொக்டர்மாரே வருத்தம் வந்து நோயாளியாப் படுத்தா இப்பிடித்தான்" என்று தாதி சிரித்தாள். இருவர் தோளைப் பிடித்துக்கொள்ள, மயக்க ஊசி ஏறியது.

விழித்தபோது வலி இல்லை. கை செத்துவிட்டது என்பது அதிலேயே அவளுக்கு விளங்கியது.

விசாரணையில் யார்மீதும் பிழை இல்லை என்றார்கள். சத்திரசிகிச்சைப் பதவி போனது, விரிவுரை மிஞ்சியது. இடது கையால் கரும்பலகையில் கோணல்மாணலாக எழுதக் கற்றுக்கொண்டாள்.

சில வருடம் கழித்து, எலும்பு முறிவுத் துறையில் சேர்வதற்கான பரீட்சைக்கு லோஜன் வந்தான். உடற்றொழிலியல் வாய்மொழித் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் ஆதிபாவும் இன்னொரு பேராசிரியரும். அவள் மடங்கிய கையை மேசைமேல் வைத்தாள்.

"இரத்தம் இல்லாமத் தசை எவ்வளவு நேரம் உயிரோட இருக்கும்?"

அவன் குனிந்தபடி முணுமுணுத்தான்.

"சத்தமா சொல்லுங்க."

சொன்னான். அறிகுறிகளைக் கேட்டாள். அவளுடைய வசனங்களையே ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தான். கண்ணீர் மட்டும் மேசையில் விழுந்தது. அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

வீட்டில் கணவர் அன்ஸார் கொதித்தார். "அவன எதுக்குப் பாஸ் போட்ட?"

"எல்லாத்துக்கும் சரியாப் பதில் சொன்னான்" என்றாள் ஆதிபா. "அன்னைக்கும் அவனுக்கு எல்லாம் தெரியும்."