ஏப்ரல் பட்டை

கிருஷ்ணகுமாரி முப்பத்திரண்டு ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தம் பரிசோதித்தவர். வேலை ஓய்வுக்குப் பிறகும் எந்த எண்ணையும் ஒருமுறை பார்த்து நம்புவதில்லை. புக்கிட் காத்திலில் அவர் குடியிருந்த வீடமைப்புப் பகுதியான தாமானில் அந்த ஆண்டு டிங்கிக் காய்ச்சல் பரவியது. அவருக்கும் வந்து, ஒன்பது நாள் படுத்துக் கிடந்தார்.

ஏப்ரல் நடுவில் குடியிருப்பாளர் சங்கத்தின் வாட்சாப்பில் ஒரு வரைபடம் வந்தது. ஜனவரியில் ஒன்பது பேர், பிப்ரவரியில் பதினொன்று, மார்ச்சில் பன்னிரண்டு, ஏப்ரலில் ஐந்துதான். நான்கு சிவப்புப் பட்டைகளின் மேலே, ‘கொசுப்புகை அடித்தோம், நோய் பாதிக்குமேல் குறைந்தது’ என்று எழுதியிருந்தது. எல்லாரும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணகுமாரி சொல்லவில்லை.

வரைந்து அனுப்பியவர் சங்கச் செயலாளர் மைமூன். தெங்கேராவில் துணிக்கடை வைத்திருப்பவர். மார்ச் கடைசியில் புகையடித்த நயீம் அவருடைய சொந்தத் தம்பி. அது நினைவுக்கு வந்ததும் கிருஷ்ணகுமாரிக்குச் சந்தேகம் உறுதிப்பட்டது. அக்காள் படம் போடுகிறாள், தம்பிக்கு அடுத்த வேலை கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

மறுநாள் வீடு வீடாகப் போய், யாருக்கு எந்தத் தேதியில் காய்ச்சல் வந்தது என்று கேட்டு எழுதினார். காப்புறுதிப் பாலிசி விற்க வந்தவர் என்று நினைத்துச் சிலர் கதவையே திறக்கவில்லை. இரண்டு வாரம் நடந்து தேதிகளைச் சேர்த்து, வாரவாரியாக ஒரு கோட்டுப்படம் வரைந்தார். புகையடித்த நாளுக்குப் பின் கோடு செங்குத்தாக ஏறியது. அதை எடுத்துக்கொண்டு மைமூன் வீட்டுக்குப் போனார்.

“மைமூன், நீங்க படம் போட்டப்ப ஏப்ரல் முடியவே இல்லையே. அந்தப் பட்டை மட்டும் எப்படி முடிஞ்சது?”

மைமூன் தன் படத்தை நெடுநேரம் பார்த்தார். நோயாளிகள் பட்டியல் தன் கைக்கு வந்தது பன்னிரண்டாம் தேதி என்றும், கணினியில் எண்களைப் போட்டதும் படம் தானாக வந்துவிட்டது என்றும் சொன்னார். பன்னிரண்டு நாளை முப்பத்தொரு நாளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“நயீம் என் தம்பிதான் அக்கா. அதுக்காக நான் கணக்க மாத்துவேனா?” என்றார். பிறகு கிருஷ்ணகுமாரியின் தாளை இழுத்துப் பார்த்தார். “சரி, உங்க படத்துல ஏன் பூஜ்யத்துல ஆரம்பிக்கல? ரெண்டுல இருந்து மூணுக்குப் போனது மலை மாதிரி தெரியுது.”

தாளில் இடம் போதவில்லை என்றார் கிருஷ்ணகுமாரி. சொல்லும்போதே அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. ஏற்றம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றுதான் படத்தின் அடிப்பகுதியை வெட்டியிருந்தார். பிறகு அதை ஒப்புக்கொண்டார்.

இருவரும் அந்த மேசையிலேயே புதிதாக வரைந்தார்கள். கோடு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. முழுதாக முடிந்த வாரங்களை மட்டும் சேர்த்தார்கள். புகையடித்த நாளுக்கு ஒரு மெல்லிய கோடு. பார்த்தால் நோய் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பின்பு தெருவாரியாக இன்னொரு படம் போட்டார்கள். மைமூனின் பட்டியலில் இருந்த முப்பத்தேழு பேரில் பதினாறு பேர் பெரிய கால்வாயை ஒட்டிய ஒரே தெருவில் இருந்தார்கள்.

அந்தத் தெருவில் ஒரு வீடு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. நகராண்மைக் கழகத்துக்கு இரண்டு படங்களையும் அனுப்பினார்கள். ஆட்கள் வந்து பார்த்தபோது கூரைத் தகரவடிகாலில் இலை அடைத்துத் தண்ணீர் நின்றது, புழுக்கள் நெளிந்தன. அதைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் மாதத்தில் இரண்டே பேருக்குத்தான் டிங்கி. மைமூன் படத்தின் மேலே ‘வெற்றி’ என்று எழுதப் போனார்.

“வேண்டாம்லா. மழையும் குறைஞ்சிருக்கு. எதனாலன்னு நமக்கு நிச்சயமா தெரியாது,” என்றார் கிருஷ்ணகுமாரி.

மைமூன் அதை அழித்துவிட்டு, ‘நம் தாமானில் டிங்கி, வாரவாரம்’ என்று மட்டும் எழுதினார்.