ஒப்படைக்காத துப்பாக்கி

பச்சைமலையில் ஒரு விவசாயியின் மரவள்ளிக் காட்டுக்குக் காவல் இருந்தேன். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை என்று போலீஸ் ஊருக்குள் வந்து சொன்னது. அவரிடம் இரண்டு இருந்தன. துருப்பிடித்துச் சுடாமல் கிடந்ததை மட்டும் சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"நல்லதையும் குடுத்துடலாமேண்ணே" என்றேன்.

"பன்னி வந்தா போலீஸா வந்து வெரட்டும்? நீ போய்யா."

அவர் மனைவி சிரித்தார். "இவரு சுட்டு இதுவரைக்கும் ஒரு பன்னியாவது செத்திருக்கான்னு கேளுங்க!"

ஸ்டேஷனில் வாங்கிக்கொண்ட போலீஸ்காரர், "இது ஒண்ணுதானா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், செடிகள் அசைவதைப் பார்த்து, பன்றி என்று நினைத்து விவசாயி சுட்டார். உள்ளே குனிந்து கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தது அவர் மனைவி. கடைசி பஸ் போய்விட்டிருந்தது. கிழங்கு ஏற்ற வந்த வண்டியில் திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். துறையூர் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

விசாரணைக்கு அதே போலீஸ்காரர்தான் வந்தார். "ஒண்ணுதான்னு சொன்னியேய்யா" என்றார்.

விவசாயி இப்போது ஜெயிலில் இருக்கிறார். நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டுகிறேன். அந்தக் காட்டைப் பன்றிகள் முழுக்கக் கிளறிப் போட்டுவிட்டனவாம். விரட்ட யாரும் வரவில்லை.