உக்காருங்கக்கா

வலக்கை துணியை ஊசிக்கு அடியில் நகர்த்த, இடக்கை பின்னாலிருந்து சுருக்கம் விழாமல் இழுத்துக்கொடுத்தது. பேன்ட்டின் பின்புறத் தையலில், உள்மடிப்பில் கொஞ்சம் துணி கூடுதலாக விடப்பட்டது. நிற்கும்போது சரியாக இருப்பது உட்கார்ந்தால் இறுக்கிப் பிடிக்கும்.

முன்பு தையல்காரியுடையது கால் மெஷின். மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் கல்லாக இருந்தது. மனைவி களைத்துப்போகிறாளே என்று கணவர்தான் ஆசையாக மோட்டார் மாட்டிக்கொடுத்தார். அதன்பிறகு வலது பாதத்தின் நுனிக்கு மட்டும்தான் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை நாற்காலிதான். கழிப்பறை நடையின் கடைசியில், எல்லாக் குடித்தனத்துக்கும் பொது. போய்வந்தால் தையல் நின்றுபோகும் என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டாள். மகாராணி சிம்மாசனத்தை விட்டு இறங்கமாட்டாள் என்று கணவர் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள்.

போன வருஷம் இடது கால் வீங்கியது. கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார் டாக்டர். நடக்கும்போது அந்தச் சதைதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் இருந்தால் அங்கேயே தேங்கிவிடும். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், உட்கார்ந்திருக்கும்போதும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். கால் மறுபடி வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வந்துவிட வேண்டும். உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

சில மாதம் மாத்திரை. வீக்கம் வற்றியது. கத்திரிக்கோலை எதிர்ச்சுவர் ஆணியில் மாட்டினாள், தண்ணீர்ச் செம்பை ஜன்னலில் வைத்தாள். எதை எடுக்கவும் எழுந்தாக வேண்டும். கொஞ்ச நாள் நடந்தாள். கால் சரியில்லாதவளை எழுப்புவானேன் என்று கணவர் கத்திரிக்கோலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். மகள் செம்பை எடுத்து நீட்டினாள். துணி கொண்டுவந்தவர்கள், எழப்போனவளை வாசலிலிருந்தே கையமர்த்தினார்கள். நான் நடக்கணுமாம் என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தாள்.

“சொன்னா கேளு. நீ உக்காந்திருந்தாத்தான் எனக்கு நிம்மதி,” என்றார் கணவர்.

வையவா செய்தார், எதிர்த்துப் பேச? கத்திரிக்கோல் மறுபடி ஆணிக்குப் போகவில்லை.

இன்று காலையிலிருந்தே இடது கால் சுட்டது, விறைத்தது. ஆனால் பேன்ட் பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது. நாளைக்கு முதல் வேலையில் சேர்கிறாள். கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தைத்து முடித்தாள்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். என்ன வேலை என்று கேட்டாள் தையல்காரி.

“உக்காந்து பாக்குற வேலைதான்க்கா. கால் வலிக்காது.”

“நடுவுல எந்திரிச்சு நடக்க விடுவாங்களா?”

பெண் சிரித்தாள். “அங்க எங்கக்கா நடக்குறது?”

இதையாவது நின்று கொடுக்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. மேசையில் கையூன்றி எழுந்தாள். பாதி எழுவதற்குள், மாடிப்படி ஏறிவந்தவள்போல் மூச்சு வாங்கியது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது.

“நீங்க எதுக்குக்கா எந்திரிக்கிறீங்க? உக்காருங்கக்கா.”

நாற்காலி பின்னாலேயே இருந்தது. உட்கார்ந்தாள். மடித்த பேன்ட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். பெண் குனிந்து வாங்கிக்கொண்டாள்.