மெர்சி டீச்சருக்காக இருமுறை நின்ற தறிகள்

மெர்சி டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி காலையில் வாட்ஸப்பில் வந்தது. நான் நம்பவில்லை. அவரை அறிந்த உங்களில் பலரும் நம்பியிருக்க மாட்டீர்கள். ஏற்கெனவே ஒருமுறை நமக்கெல்லாம் இறந்து, திரும்பி வந்தவர் ஆயிற்றே. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவரே கூப்பிட்டுச் சிரிப்பார் என்று காத்திருந்தேன். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய தம்பி தாமஸ் அழுதுகொண்டே பேசியபோதுதான் நம்பினேன்.

ஆரணியில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் தமிழ். ஒரு கோடையில் விடைத்தாள் திருத்தத் திருவண்ணாமலைக்குச் சேர்ந்து போனோம். உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்பதால் இருவரும் வீட்டிலேயே வைத்துவிட்டிருந்தோம். அன்று தெள்ளாரில் மெர்சி என்ற அதே பெயருள்ள வேறோர் ஆசிரியை காலமாகியிருக்கிறார். யாரோ ஒரு புண்ணியவான் அந்தச் செய்தியோடு நம் டீச்சரின் படத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டார். மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் தெருவுக்குள் நுழைந்தால், தறிச்சத்தமே இல்லை. அந்தத் தெருவில் சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் தறி ஓடாது.

பக்கத்து வீட்டு நெசவாளர் ஏகாம்பரம் மாலையோடு வாசலில் நின்றிருந்தார். "இன்னா ஏகாம்பரம், யார் போயிட்டாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

ஏகாம்பரம் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "நீங்கதான் டீச்சர்," என்றார்.

டீச்சர் கோபப்படவில்லை. உடல் வருமென்று காத்திருந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தார். பிறகு ஒருவர் விடாமல் கூப்பிட்டு, "மெர்சிதான் பேசறேன். நல்லா இருக்கேன்," என்றார். படத்தை அனுப்பியவரை நான் திட்ட ஆரம்பித்ததும் தடுத்துவிட்டார். "அவங்க வேணும்னு பொய் சொல்லல சரளா. துக்கத்துல ஜல்தியா அனுப்பிட்டாங்க. தெரிஞ்சவங்க அனுப்பினா யாருக்குச் சந்தேகம் வரும்?"

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில வருடங்கள் கழித்து, டீச்சர் வீட்டில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்தின் மனைவி செல்வி ஏதோ பேச்சில், "டீச்சர் செத்தாங்களே, அந்த வருஷம்தான் எம் பொண்ணுக்குக் கல்யாணம்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்று டீ வாங்கிக் குடித்தவர்தான் அவரும். டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மொதல்ல கேட்டது மனசுல தங்கிடுது. அது இல்லன்னு சொன்னது கழண்டு போயிடுது. வயசாக ஆக ஜாஸ்தியா கழலுது," என்றார்.

அவர் மட்டும் விதிவிலக்கா என்ன? அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி மழையில் நனைந்துகொண்டு வந்தோம் என்பார். கால் பொசுக்கும் வெயில் என்பேன் நான். பல நாள் சண்டை போட்டிருக்கிறோம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு சாயங்காலம், பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டார். "நீயும் பொய் சொல்லல, நானும் சொல்லல. எனக்கு மழை அப்படியே கண்ணுல தெரியுது. அப்போ என்னையே நான் எப்படி நம்பறது?" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

தாமஸ் பேசியதும் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். தெருவில் எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. நேரே ஏகாம்பரம் வீட்டுக்குள் போனேன். அவர் தறியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "எனக்கும் வந்துச்சுங்க. போன தபா ஏமாந்தது போதும். டீச்சரே போன் பண்ணுவாங்க, நீங்க பேஜாராவாதீங்க," என்றார். தாமஸ் பேசியதைச் சொல்ல ஆரம்பித்தேன். அழுகைதான் வந்தது.

அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. திரையில் மெர்சி டீச்சரின் பெயர். "பாத்தீங்களா?" என்று என்னிடம் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லுங்க டீச்சர், உங்களப் பத்திதான் பேசிகினு இருந்தோம்."

அக்காவின் கைப்பேசியிலிருந்து பேசியது தாமஸ். ஆம்புலன்ஸ் கண்ணமங்கலத்தைத் தாண்டிவிட்டது, வாசலில் வண்டி நிற்க இடம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஏகாம்பரம் கைப்பேசியைத் தறிமேல் வைத்தார். பிறகு எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனார், அதற்கடுத்த வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வீடாகத் தறிச்சத்தம் அடங்கியது.

இப்போதெல்லாம் எந்தச் செய்தி வந்தாலும், சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் நான் யாருக்கும் அனுப்புவதில்லை. அது டீச்சர் எனக்குக் கொடுத்த பழக்கம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இன்னொன்றும் உண்டு. அன்று வெயில்தான், இன்றும் சத்தியம் செய்வேன். ஆனால் சண்டை போட அவர் இல்லை. இப்போது அந்தத் தெருவை நினைத்தால், நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டு எனக்கு முன்னால் நடக்கிறார். இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.