நாற்பத்திரண்டு கால்கள்

“அஞ்சு வருசமாப் பள்ளிக்கூடம் போற, பூரானுக்கு எத்தன காலுன்னு தெரியுமாட்டி ஒனக்கு?”

மாமா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு. ஆறாம் வகுப்புக்கு என்னை ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ்ஸில் அனுப்புவது வீண் என்பது அவர் எண்ணம்.

அன்று வாழைத்தோட்டத்தில் சருகு உரித்தபோது அம்மாவைச் செய்யான் கடித்திருந்தது. செந்நிறப் பெரிய பூரானை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கடித்ததை அடித்து, இலையில் பொதிந்து வீட்டில் கொண்டுவந்து காட்டுவது தோட்டத்து வழக்கம். அம்மாவின் பொதியில் இரண்டு கிடந்தன. கடித்தது சாண் நீளம். மற்றது வாழைமூட்டு மண்ணில் அகப்பட்டது. தீக்குச்சி நீளத்தில் வெளிறிக் கிடந்தது.

ஈர்க்குச்சியால் தள்ளித் தள்ளி எண்ணினேன். பெரியதுக்கு நாற்பத்திரண்டு. சின்னதுக்கும் நாற்பத்திரண்டு. மாமாவும் எண்ணினார், இரண்டு முறை தவறவிட்டு மூன்றாம் முறை ஒப்புக்கொண்டார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். இரண்டுக்கும் கணக்கு ஒன்றாக இருப்பதால் சின்னது பெரியதன் குஞ்சு என்று டீச்சர் குரலில் அறிவித்தேன்.

சுண்ணாம்பு தடவிய கையை மடியில் வைத்திருந்த அம்மா பைய வாய் திறந்தாள். “இது வேற சாதி பிள்ள. செய்யான் இத்தனூண்டுக் குஞ்சத் தனியா விடாது. சுருண்டு அணைச்சுல்லா வச்சிருக்கும்.”

மாமாவின் மீசைக்குள் சிரிப்பு வருவதைப் பார்த்தேன். என் பஸ் போய்விடும் போலிருந்தது.

“ஒனக்கு எண்ணவே தெரியாதும்மா. ஒனக்கு என்ன தெரியும்?”

அம்மா மாமாவிடம் திரும்பி, “அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே. படிச்ச பிள்ளல்லா” என்றாள்.

மாமா சம்மதித்தார். அந்த வெற்றியை வெகுநாள் சொல்லித் திரிந்தேன்.

இப்போது பாளையங்கோட்டையில் பூரான்களை வகைபிரிப்பதுதான் என் ஆராய்ச்சி. இருபத்தொரு ஜோடிக் கால்களை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது. செய்யான் குடும்பத்துக்குத் தலையின் இருபுறமும் நான்கு நான்கு கண்கள். நீலக் கால், பச்சை முதுகு, மஞ்சள் தலை என்று அதற்குள்ளேயே எத்தனையோ வகை. போன மாதம் வாழைமூட்டில் எடுத்த வெளிறிய பூரான் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தேன். கால்கள் நாற்பத்திரண்டு. கண் ஒன்றுகூட இல்லை. அது வேறு குடும்பம்.

தனக்குத் தெரிந்ததை அன்று அம்மா ஏன் விழுங்கினாள் என்று ஐந்தாம் வகுப்புக்காரிக்கு விளங்கவில்லை.

அந்தப் பூரானைப் போட்டுவைத்த குப்பியின் சீட்டில் ‘இனம் கண்டவர்’ என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதி ஒட்டிவிட்டேன்.