ஓடாத விரால்

எங்கள் ஊர் மேலூருக்குப் பக்கம். கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். கரையில் நின்று ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். பிடித்த மீனை விற்கக் கூடாது. அவரவர் வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். அப்படிச் செய்தால்தான் அடுத்த மழை பெய்யும் என்று நம்பிக்கை.

போன வருஷத் திருவிழாவுக்கு, மாசமாக இருந்த என் மகள் வந்திருந்தாள். வந்ததிலிருந்து மீன் குழம்பு, மீன் குழம்பு என்றே இருந்தாள்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கண்மாய்க்கு மேல்புறம் கிணற்றுத் தண்ணீரில் கத்தரி போட்டு, ஓயாமல் பூச்சிமருந்து அடித்தார்கள். அடித்து முடித்ததும் தெளிப்பானை வாய்க்காலில் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். திருவிழாவுக்கு முன்னால் ஒரு கோடைமழை கொட்டி, தோட்டத்துத் தண்ணீர் அத்தனையும் கண்மாயில் இறங்கியது. மறுநாள் துணி துவைக்கப் போனால், தண்ணீர் மேல் ஓடித் திரியும் பூச்சி ஒன்றையும் காணோம். கல்லில் ஒட்டியிருக்கும் நத்தைகள் கழன்று ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பூச்சி சாகணும்னுதான மருந்து அடிக்கிறாக? அதுக்கு நீ ஏன் துக்கம் விசாரிக்கிற?" என்றார்.

ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை.

திருவிழா அன்று அவர் சாக்கு நிறைய மீனோடு வந்தார்.

"இம்புட்டு வருசத்துல இப்படிப் பாத்ததில்ல. கூடையே தேவப்படல. வெறுங்கையில அள்ளுறோம். விரால்கூட ஓடாம நிக்குது. எல்லாம் சாமி குடுத்தது!"

விரால் கைக்குள் அடங்குகிற மீனா? ஒன்றைச் சட்டியில் விட்டுப் பார்த்தேன். செவுள் மட்டும் அசைந்தது. வாலைத் தொட்டாலும் துள்ளவில்லை. நான் அடுப்பு பற்றவைக்கவில்லை.

"செத்த மீனு ஆகாதும்பாக. உசுரோட வந்ததும் ஆகாதா? ஒனக்குன்னு தனிச் சட்டமா?" என்று கத்திவிட்டு அவர் பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்காரி கிண்ணத்தில் குழம்போடு வந்தாள்.

"என்ன மதினி, பிள்ளத்தாச்சிப் புள்ள வாசத்த மோந்தே வகுத்த நெறச்சுக்கிருமா? இந்தா ஆத்தா, சாப்புடு."

மகள் இரண்டு கையையும் நீட்டினாள். நான் குறுக்கே புகுந்து கிண்ணத்தைப் பிடித்தேன்.

"வேணாம். இதுல மருந்து இருக்கு."

என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப நாங்கள்லாம் மருந்தா குடிச்சோம்?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, தன் வீட்டு வாசலில் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்த மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

மகள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரசஞ்சோறு தின்றாள்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் நெஞ்சைத் தட்டி, "பாரு, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். கல் மாதிரித்தான் இருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரே நாளில் தெரிந்துவிடுகிற விஷம்தானா அது? அவர் இருமினால்கூட இன்னும் நிமிர்ந்து பார்க்கிறேன்.