முப்பது சதவீத ஈரம்

அவித்த நெல் உலர எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பல்கலைக்கழகப் பதிவில் தலைப்பு இரண்டு வரிக்கு நீளும். வீட்டில் யாராவது கேட்டால் இப்படிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். "வெயிலடிச்சா ஒரு நாளு, அடிக்காட்டி ரெண்டு நாளு. இதுக்கு அஞ்சு வருஷமா படிக்கிறே?" என்று என் மாமியார் ஒருமுறை கேட்டார். கேலியாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்போது தஞ்சாவூரில் வாடகை வீட்டில் இருந்தோம். நான், என் மகள், மாமியார். கணவர் துபாயில் குளிர்சாதனப் பராமரிப்பு வேலையில் இருந்தார். காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் பல்கலைக்கழகம் போவேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பஸ் பிடித்துத் திருவாரூர் வழியாகக் கீழ்வேளூர்ப் பக்கம் போவேன். அங்கே ஒரு புழுங்கல் அரிசி ஆலை எனக்கு ஆய்வுக்கூடம். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். என் அத்தாவுக்குக் கீழ்வேளூரில் இரும்புச் சாமான் கடை உண்டு. ஆலை முதலாளி அவருடைய பழைய வாடிக்கையாளர். அந்தப் பழக்கத்தில்தான் உள்ளே விட்டார்கள்.

ஆலையில் நெல்லை ஊறவைத்து நீராவியில் அவித்து, பிறகு டிரையரில் ஏற்றுவார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு இரும்புக் கூண்டு. அதற்குள் நெல் மேலிருந்து கீழே மெல்ல இறங்கும். பக்கவாட்டில் சூடான காற்று அடிக்கும். அடியில் வந்த நெல்லை மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள். சீக்கிரம் நிறுத்தினால் ஈரம் தங்கி நெல் மூட்டையிலேயே கெட்டுப்போகும். அதிக நேரம் ஓட்டினால் அரிசி வெடித்து, அரைக்கும்போது நொய்யாகிவிடும். எப்போது நிறுத்துவது என்பதை டிரையர் ஆபரேட்டர்தான் முடிவு செய்வார். என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். ஈரம் பார்க்க ஒரு மீட்டர் வைத்திருந்தார். ஆனாலும் நாலைந்து நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, முன்பல்லால் கடித்துப் பார்த்த பிறகுதான் மோட்டாரை நிறுத்துவார்.

நான் அந்த முடிவைக் கணிதமாக எழுத முயன்றேன். அரிசிக்குள் இருக்கும் தண்ணீர் எப்படி நகர்ந்து வெளியே வருகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு, சுற்றிலும் ஓடும் சூடான காற்றுக்கு இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கணினியில் தீர்த்தால் நேரம் கிடைக்கும். மூன்றாவது வருடம் வரைபடத்தில் என் கணக்கின் கோடும் ஆலையில் எடுத்த அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. அந்தப் படத்தை அச்செடுத்து என் மேசைக்கு மேல் ஒட்டிக்கொண்டேன். கட்டுரை வெளியானது. ஆலைக்காக, ஆரம்ப ஈரம் இவ்வளவு இருந்தால் இத்தனை மணி நேரம் என்று ஓர் அட்டவணை தயாரித்து, லேமினேட் செய்து, டிரையர் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நானே மாட்டினேன். ஆய்வேட்டில் மூன்று அத்தியாயம் எழுதியாகிவிட்டது. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்றார் என் நெறியாளர்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. குறுவை நெல் நனைந்தபடியே ஆலைக்கு வந்தது. ஒருநாள் மதியம் ஆபரேட்டர் போன் செய்தார். மீட்டர் பழுதாகிச் சரி பண்ண அனுப்பியிருந்தார்கள். காலையில் அனுப்புவதற்கு முன் எடுத்த ஆரம்ப ஈரம் மட்டும் கையில் இருந்தது.

"அக்கா, உங்க சார்ட்டுப்படி டைம் முடிஞ்சுடுச்சு. ஆனா கடிச்சா இன்னும் மெதுக்கு மெதுக்குன்னு இருக்கு. இன்னொரு முக்கா மணி நேரம் ஓட்டட்டுமா?"

மழைக்காகப் பள்ளி விடுமுறை. நான் வீட்டில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். "சூடா இருக்கிறப்ப அப்படித்தான் இருக்கும். ஆறினா சரியாயிடும். சார்ட்டுல உள்ளபடி நிறுத்திடுங்க" என்றேன்.

"நிச்சயமாங்களா?"

"நிச்சயமா."

ஐந்தாம் நாள் அத்தா போனில் விஷயத்தைச் சொன்னார். மூட்டையைப் பிரித்தபோது நெல் சூடேறியிருந்ததாம். அரிசி மஞ்சள் பூத்து, ஒரு புளித்த வாடை. அந்த லோடு முழுவதும் மாட்டுத் தீவனத்துக்குப் போய்விட்டது. ஆபரேட்டரை டிரையரிலிருந்து எடுத்து உமி அள்ளப் போட்டுவிட்டார்கள். "நீ ஏதாச்சும் சொன்னியாம்மா அவன்ட்ட?" என்று அத்தா கேட்டார். "ஆமா" என்றேன்.

அடுத்த மூன்று நாள் நான் ஆய்வுக்கூடத்தை விட்டு நகரவில்லை. முதலில் ஆலையில்தான் தவறைத் தேடினேன். காற்றின் சூடு குறைந்திருக்கலாம், பாய்லரில் அழுத்தம் விழுந்திருக்கலாம், கோணி ஈரமாக இருந்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் போன் செய்து விசாரித்தேன். எதுவும் இல்லை. மூன்றாம் நாள்தான் என் கணினி நிரலைத் திறந்து முதல் வரியிலிருந்து, வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோலப் படித்தேன். மதியம் மூன்று மணிக்குக் கண்ணில் பட்டது.

ஈரத்தைச் சொல்ல இரண்டு வழி உண்டு. நூறு கிலோ நெல்லில் முப்பது கிலோ தண்ணீர் இருந்தால் ஆலை மீட்டர் முப்பது சதவீதம் என்று காட்டும். மொத்த எடையில் தண்ணீரின் பங்கு அது. என் சமன்பாடு அப்படிக் கணக்கிடாது. தண்ணீரை நீக்கினால் மிஞ்சும் எழுபது கிலோவோடு அந்த முப்பதை ஒப்பிடும். அப்போது ஏறக்குறைய நாற்பத்து மூன்று வரும். மீட்டர் எண்ணை மாற்றிக்கொள்ள ஒரே ஒரு வரி போதும். ஆய்வுக்கூட அளவுகளைப் படிக்கும் கோப்பில் அதைச் சரியாகவே எழுதியிருந்தேன். ஆலை அளவுகளைப் படிக்கும் கோப்பில் அந்த வரி இல்லை.

அப்படியானால் படம் எப்படிப் பொருந்தியது? அரிசிக்குள் ஈரம் நகரும் வேகத்தைக் குறிக்கும் ஓர் எண்ணை, கோடு அளவுகளோடு ஒட்டும்வரை கூட்டியும் குறைத்தும் வைத்தவள் நான்தான். தவறு அந்த எண்ணுக்குள் போய் ஒளிந்துகொண்டது. வழக்கமான ஈரமுள்ள நெல்லில் அது வெளியே தெரியவில்லை. நெல்லில் ஈரம் ஏற ஏற அது பெரிதானது. மழையில் நனைந்த நெல் அதைக் காட்டிக்கொடுத்தது.

மேசைக்கு மேல் ஒட்டியிருந்த படத்தைக் கிழித்தேன். அழவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆலைக்குப் போனேன்.

ஆபரேட்டர் உமிக் கொட்டகையில் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றார். தவறு என்னுடையது, அட்டவணையே தவறு என்று சொன்னேன். அவர் துண்டை இறக்கினார்.

"நான் கடிச்சுப் பாத்துட்டுத்தானக்கா போன் பண்ணேன்."

"ஆமா. சொன்னீங்க."

"சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நான்தான் கேக்கல."

அவர் மறுபடி துண்டைக் கட்டிக்கொண்டு உமியை அள்ளத் தொடங்கினார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலாளி தன் அறையில் உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே முழுவதையும் சொன்னேன். அவர் அட்டவணையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க, சொன்னீங்க. அவன் பத்து வருஷமா ஓட்டுறவன். அவனுக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

"அவருக்குத் தெரிஞ்சுதுங்க. தெரிஞ்சதாலதான் எனக்குப் போன் பண்ணாரு. நான் நிச்சயமா நிறுத்துங்கன்னு சொன்னேன். அவரை டிரையருக்குத் திருப்பி விடுங்க. என்னை உள்ள விடறதும் விடாததும் உங்க இஷ்டம்."

அவர் அட்டவணையை மேசையில் வைத்தார். "திங்கக்கிழமைலேருந்து அவன் டிரையர்ல நிப்பான். நீங்க உங்க கணக்க முதல்ல சரி பண்ணுங்க. அப்பறம் வாங்க" என்றார். அட்டவணையை நானே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நெறியாளரிடம் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. அவர் ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. கட்டுரையில் அவர் பெயரும் உண்டு. நிரலை வாங்கி, பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். இல்லாத அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

"ஒரு திருத்தம் அனுப்பலாம். எல்லாரும் அனுப்பறதுதானே" என்றார்.

"திருத்திப் போட்டுப் பாத்தேன் சார். கோடு ஒட்டல. முதல் ஒரு மணி நேரம் சரியா வருது. அப்பறம் விலகிப் போகுது. முடிவே நிக்காது."

"அப்ப என்ன பண்ணலாம்ங்கறே?"

"கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கணும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உனக்கு எவ்வளவு நாள் பிடிக்கும்னு தெரியுமா? ஃபெலோஷிப் முடியப் போகுது. குழந்தை இருக்கு."

"தெரியும் சார்."

இரண்டு நாள் அவர் என்னைக் கூப்பிடவில்லை. அவருக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் இதழுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை அவரே எழுதி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். என் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருந்தார். "தேதி போட மறந்துடாதே" என்று மட்டும் சொன்னார்.

கணவரிடம் வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் சொன்னேன். அவருக்கு அன்றுதான் விடுமுறை. "இன்னும் ரெண்டு வருஷமா?" என்றார். ஆமாம் என்றேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கம்ப்ரஸர் சரியா வேலை செய்யலன்னா நாங்க திருப்பிக் கழட்டித்தான் பாப்போம். மேல பெயின்ட் அடிக்க மாட்டோம். நீ கழட்டு புள்ள." அவர் அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கேமராவை மகள் பக்கம் திருப்பிவிட்டேன்.

கழற்றினேன். ஒரு நெல்மணியை ஒரே பொருளாலான உருண்டையாக நினைத்து எழுதியதுதான் அடிப்படைக் குறை என்று புரிய நான்கு மாதம் ஆனது. உள்ளே அரிசி, மேலே உமி. அவிக்கும்போது சில மணிகளில் உமி வாய் திறக்கிறது, சிலவற்றில் மூடியே இருக்கிறது. ஈரம் இரண்டிலும் ஒரே மாதிரி வெளியேறுவதில்லை. ஆகவே இரண்டு அடுக்கு, இரண்டு சமன்பாடு, நடுவில் ஓர் எல்லை. உமி திறந்த நெல்லையும் திறக்காத நெல்லையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனித்தனியே எடை பார்த்தேன். மாமியார் முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குமுன் நூறு மணியைப் பிரித்து வைத்துவிடுவார். இந்த முறை, ஈரம் நகரும் வேகத்தை ஆலை அளவுகளை வைத்துச் சரிக்கட்டவில்லை. ஆய்வுக்கூடத்தில் தனியாக அளந்து, அதைத் தொடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். கோடு ஒட்டினால் ஒட்டட்டும்.

ஃபெலோஷிப் நின்றதும் ஒரு பாலிடெக்னிக்கில் பகுதி நேரமாக வகுப்பெடுத்தேன். அடுத்த ஐப்பசியில் ஆலைக்குத் திரும்பிப் போனேன். ஆபரேட்டர் பேசினார், ஆனால் பழைய கலகலப்பு இல்லை. அவரிடம் ஒன்று கேட்டேன். "நான் ஒரு நேரத்தைச் சீட்டுல எழுதி மடிச்சு வெச்சுடறேன். உங்ககிட்ட காட்ட மாட்டேன். நீங்க உங்களுக்குத் தோணுறப்ப நிறுத்துங்க. அப்பறம் ரெண்டையும் பாப்போம்."

"நான் தப்பா நிறுத்தினா?"

"மீட்டர் சொல்லட்டும். ரெண்டு பேர்ல யார் தப்புன்னு எழுதிப்பேன்."

முதல் லோடில் நான் தோற்றேன். இரண்டாவதிலும் தோற்றேன். காற்று கூண்டின் இரண்டு பக்கமும் ஒரே சூட்டில் வரவில்லை என்பதை அவர்தான் கையை வைத்துக் காட்டினார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், உண்மை. அதைச் சேர்த்த பிறகு ஏழெட்டு லோடுகளில் என் சீட்டும் அவர் நிறுத்திய நேரமும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் நின்றன. ஒரு லோடில் அவர் முந்தி நிறுத்திவிட்டார், மீட்டர் என் பக்கம் பேசியது. அன்றுதான் வெகுநாள் கழித்துச் சிரித்தார். "இன்னிக்கு டீ என்னோடதுக்கா."

நெறியாளர் ஓய்வுபெற்ற பிறகும் வாரம் ஒருமுறை வந்து ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்தார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், வெளியீடுகள் பட்டியலில் விரலை வைத்தார். முதல் வரியிலேயே திரும்பப் பெறப்பட்டது என்று நான் போட்டிருந்தேன். காரணம் கேட்டார். அவையில் ஐம்பது பேர் இருந்தார்கள். போன் அழைப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உமி அடுக்கைப் பற்றி ஏதோ கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த ஆபரேட்டர் இப்ப எங்க இருக்கார்?" என்று தமிழில் கேட்டார்.

"டிரையர்லதான் சார்."

தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் எல்லை நிபந்தனைகளைப் பற்றி என்னை விடாமல் துளைத்தெடுத்தார். பட்டம் கிடைத்தது.

இப்போது சீர்காழிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வெப்பப் பரிமாற்றம் நடத்துகிறேன். இணையத்தில் என் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்தக் கட்டுரைதான். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே, திரும்பப் பெறப்பட்டது என்று சிவப்பு எழுத்து ஓடும். போன பருவத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கைபேசியை உயர்த்தி, "மேடம், இது நீங்களா?" என்று தயங்கிக் கேட்டாள். "நான்தான்" என்றேன். அவளை முன்னால் வரச் சொல்லி, அந்தக் கட்டுரையைத் திரையில் போடச் சொன்னேன். அந்த வாரம் முழுவதும் அதைத்தான் பாடமாக நடத்தினேன்.